மிகையாகக் கேட்கும் காதுக்கு எத்தனை விழுக்காடு? ஒரு மதிப்பீட்டுச் சேவையைப் பற்றிய மதிப்புரை

அன்றாட ஒலிகளே தாங்க முடியாத அளவுக்கு உரக்கவும் வலியோடும் கேட்கும் ஹைப்பராக்யூசிஸ் என்ற ஒலி மிகையுணர்வு எனக்கு உண்டு. மாற்றுத்திறனாளி என்ற ஏற்பைக் கோரி, கேட்டல் குறைபாடுகளை விழுக்காட்டில் மதிப்பிட்டுச் சான்று வழங்கும் மையம் ஒன்றின் சேவையை விண்ணப்பம் முதல் முடிவுக் கடிதம் வரை பயன்படுத்தினேன். மையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை அங்குள்ள மனிதர்களுடையவை அல்ல, அவர்கள் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் அளவுகோலுடையவை என்பதே அதற்குக் காரணம். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேளாமையை அளப்பதில் அது தேர்ந்த சேவை; அந்த வகையில் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒலியைத் தாங்க முடியாமையை அளக்கும் பொறுப்பு அங்கே எவருக்கும் ஒதுக்கப்படவில்லை; அந்த வகையில் ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

இந்தச் சேவையை நாட நினைப்பவர்கள் முதலில் தங்கள் தொல்லைக்குச் சரியான பெயர் தெரிந்துகொள்வது நல்லது. வாய் மெல்லுவது, மூக்கை உறிஞ்சுவது போன்ற குறிப்பிட்ட சில ஒலிகளைக் கேட்டதும் கடுஞ்சினமும் அருவருப்பும் எழுவது மிசோஃபோனியா. 2001-இல் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃபும் மார்கரெட் ஜாஸ்ட்ரெபாஃபும் இப்பெயரை இட்டார்கள். ஒலியைக் கண்டு அஞ்சுவது ஃபோனோஃபோபியா. ஒற்றைத் தலைவலியின்போது ஒலி பொறுக்காமல் போவதற்கும் மருத்துவர்கள் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஹைப்பராக்யூசிஸில் ஒலி எது என்பது பொருட்டல்ல, அதன் அளவே பொருட்டு. ரிச்சர்ட் டைலரும் சக ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுரை இதை உரப்பு, எரிச்சல், அச்சம், வலி என நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஒருவருக்கே இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் உண்டு. என்னுடையது உரப்பும் வலியும் கலந்தது. தட்டோடு தட்டு மோதும் ஓசை காதுக்குள் குத்தி, அந்த வலி சில வேளைகளில் மறுநாள் வரை நீடிக்கிறது.

விண்ணப்பிப்பதில் சிக்கல் ஏதும் இல்லை. எல்லாவற்றையும் எழுத்து வழியாகவே முடிக்க முடிந்தது. தொலைபேசியில் பேச இயலாதவர்களுக்காக ஏற்பட்ட அந்த வசதி, தொலைபேசியைக் காதருகே கொண்டுசெல்ல முடியாத எனக்கும் அப்படியே பயன்பட்டது. இதற்கு மையத்தை மனமாரப் பாராட்டுகிறேன்.

காத்திருப்புக் கூடம் வேறு கதை. வரிசை எண்ணைத் திரையில் காட்டுகிறார்கள். அதே எண்ணை, முன்னால் ஒரு மணியோசையுடன், ஒலிபெருக்கியிலும் அறிவிக்கிறார்கள். கேட்டல் குறைபாடு உள்ளவர்கள் வரும் இடத்தில் அறிவிப்பு உரக்கத்தானே இருக்கும் என்று ஊழியர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் திரையைப் பார்த்தே பெரும்பாலோர் எழுந்து சென்றதை நான் கவனித்தேன்; காது கேளாதவருக்கு ஒலிபெருக்கி எவ்வளவு உரக்க ஒலித்தாலும் பயன் குறைவு, திரை ஒன்றே போதும். வெளியே நிற்கிறேன், முறை வந்ததும் குறுஞ்செய்தி அனுப்புங்கள் என்று எழுதிக் கேட்டபோது தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். கேட்டால் கிடைக்கிறது என்பது நல்ல செய்தி. கேட்க வேண்டும் என்று எந்த அறிவிப்பும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கப்பட்ட கழிப்பறையிலேயே கை உலர்த்தும் இயந்திரத்தின் பேரிரைச்சல் இருந்தது. ஒரு குறைபாட்டை எண்ணிக் கட்டப்பட்ட இடம் இன்னொரு குறைபாட்டுக்கு எதிராக நிற்க முடியும் என்பது கட்டியவருக்குத் தோன்றியிராது.

இனிச் சோதனைகள். நீண்ட நேரம் பேச வேண்டிய பகுதி இதுதான்.

முதலில் ஆடியோமெட்ரி. ஒலி புகாத அறையில் அமர்த்தி, வெவ்வேறு அதிர்வெண்களில் மிக மெல்லிய ஒலி கேட்டவுடன் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். அந்த அறையின் அமைதிக்காகவே அங்கே இன்னும் சற்று நேரம் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. சோதனையைச் செய்த கேட்பியல் வல்லுநர் பொறுமையானவர். திறமையில் குறை சொல்ல எதுவுமில்லை. முடிவு, இரு காதுகளிலும் கேட்புத் தொடக்க நிலை, அதாவது காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியின் அளவு, 10 டெசிபெல்லை ஒட்டி இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கேட்டல் குறித்த உலக அறிக்கை, 20 டெசிபெலுக்குக் கீழே இருந்தால் இயல்பான கேட்டல் என்கிறது. ஆக, என் காதுகள் இயல்பானவை என்று தாள் சொல்லிவிட்டது. உங்கள் காது மிக நன்றாக இருக்கிறது என்று வாழ்த்தும் கிடைத்தது.

அடுத்தது நடுக்காதுத் தசையின் அனிச்சைச் செயலைப் பார்க்கும் சோதனை. இந்த இடத்தில் ஒலி மிகையுணர்வு உள்ளவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். உரத்த ஒலி வரும்போது நடுக்காதின் சிறு தசை சுருங்குவதைக் கண்டறிவதே இச்சோதனை என்பதால், அதற்குத் தரப்படும் ஒலி பெரும்பாலும் 70, 80 டெசிபெல் அளவில் தொடங்கி 100 டெசிபெலைத் தாண்டியும் போகக்கூடும். நமக்கு அது சோதனை அல்ல, தண்டனை. தேவையில்லாவிட்டால் தவிர்த்துவிடலாமா என்று கேட்டேன். வல்லுநர் என் விவரக் குறிப்பை ஒருமுறை படித்துவிட்டு அச்சோதனையைக் கைவிட்டார். காதழுக்கை உறிஞ்சு குழாயால் எடுப்பது, எம்.ஆர்.ஐ. எடுப்பது ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் ஓசை 100 டெசிபெலைத் தாண்டுவது வழக்கமே. இச்சோதனைகள் சிலருக்கு உண்மையிலேயே தேவைப்படலாம். ஆனால் தேவை இன்னது என்று விளக்கிச் சொன்ன பிறகே சம்மதம் கேட்பது முறை.

நமக்கு உண்மையில் பயன்படும் சோதனை ஒன்று உண்டு. ஒலியைச் சிறிது சிறிதாக உயர்த்தி, எந்த அளவில் அது பொறுக்க முடியாததாகிறது என்று பார்க்கும் உரப்பு அசௌகரிய நிலைச் சோதனை அது. காது கேட்கும் கருவியைப் பொருத்துபவர்கள் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். கருவியின் உச்ச ஒலி இந்த அளவைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காக. கருவி வேறு, அறை வேறு தேவையில்லை; அதே இருக்கையில் அமர்ந்தபடி செய்து முடிக்கலாம். இயல்பான காதுள்ளவர்களிடம் இந்த நிலை பெரும்பாலும் 100 டெசிபெலை ஒட்டி இருக்கும். ஹாஷிர் ஆஸ், பிரையன் மூர் ஆகிய ஆய்வாளர்கள் 2017-இல், குறைவாகத் தாங்கும் காதின் சராசரி 77 டெசிபெலோ அதற்குக் குறைவோ ஆக இருந்தால் ஹைப்பராக்யூசிஸ் என்று கொள்ளலாம் எனப் பரிந்துரைத்தார்கள். மையத்தின் வழக்கமான சோதனைப் பட்டியலில் இது இல்லை. நான் கேட்டதன் பேரில், மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கி, வலி வருவதற்கு முன்பே நிறுத்தலாம் என்ற உறுதியுடன் செய்து தந்தார்கள். எனக்கு வந்த விடை 60 டெசிபெல். சாதாரண உரையாடலும் ஏறத்தாழ அதே அளவுதான்.

இந்த எண்ணை எழுதப் படிவத்தில் இடமில்லை. என் குறைகளுள் தலையாயது இதுவே.

விழுக்காட்டைக் கணக்கிட அவர்கள் எடுத்துக்கொள்வது 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் கேட்புத் தொடக்க நிலையின் சராசரியை மட்டுமே. அதாவது கேட்டல் என்னும் பரப்பின் அடித்தளம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். கூரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. தொடக்க நிலை 50 டெசிபெலுக்கு உயர்ந்து, 100 டெசிபெல் வரை தாங்கக்கூடிய ஒருவருக்கு ஒலியுலகில் 50 டெசிபெல் அளவு இடம் இருக்கிறது. தொடக்க நிலை 10 டெசிபெலாக இருந்து, 60 டெசிபெலில் தாங்கும் எல்லை முடிந்துவிடும் எனக்கும் அதே 50 டெசிபெல்தான். இருவரின் துன்பமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கேளாமையில் மொழியும் பேச்சும் இழக்கப்படுவதை நான் அறிவேன். ஆனால் ஒருவரின் இழப்பு முழுமையாகக் கணக்கில் வருவதும், மற்றவரின் இழப்புக்கு 0 போடப்படுவதும் எந்த அறிவியலின்படி என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நான் வெளியே செல்லும்போது காதுக்குள் நுரை அடைப்பானோ காதின் மேல் மூடியோ அணியாமல் செல்வதில்லை. நுரை அடைப்பான்கள் ஆய்வகத்தில் 30 டெசிபெலுக்கு மேலும் ஒலியைக் குறைப்பதாகக் காட்டப்படுகின்றன. நடைமுறையில் அதைவிடக் குறைவு. இரண்டையும் ஒருசேர அணிந்தாலும் ஏறத்தாழ 5 டெசிபெல்தான் கூடுதலாகக் கிடைக்கும். ஒலி மண்டையோட்டெலும்பு வழியாகவும் உள்காதை அடைகிறது என்பதால் இந்தத் தடுப்புக்கு ஓர் உச்ச வரம்பும் உண்டு. இவற்றை அணிந்த நிலையில் அதே அறையில் அதே சோதனையைச் செய்திருந்தால், என் தாளில் மிதமான கேளாமை பதிவாகியிருக்கும். பொது இடத்தில் நான் எந்நேரமும் அப்படித்தான் இருக்கிறேன்: பேசுபவர் சொல்வது பாதி விளங்காமல், பின்னால் வரும் வண்டியை உணராமல். அடைப்பானைக் கழற்றினால் வலி, போட்டால் கேளாமை. மதிப்பீடு இந்த இரண்டில் எதையும் பார்க்கவில்லை. அமைதியான அறையில், அடைப்பான் இல்லாமல், என் வாழ்வில் வேறெங்கும் நிகழாத ஒரு மூன்றாம் நிலையைத்தான் அது அளந்தது.

எப்போதும் அடைத்துக்கொண்டே இருந்துவிடலாமே என்று எளிதாகச் சொல்பவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். கிரெய்க் ஃபார்ம்பியும் சக ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பான காதுள்ளவர்கள் இரண்டு வாரம் தொடர்ந்து காதடைப்பான் அணிந்திருந்தபோது ஒலிகளுக்கு அவர்கள் காது கூடுதலாகக் கூசத் தொடங்கியது. அதே காலம் மெல்லிய இரைச்சலைத் தொடர்ந்து கேட்டவர்களுக்குத் தாங்கும் அளவு கூடியது. ஒலி வரத்து குறையும்போது மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆகவே அடைப்பான் எனக்கு ஊன்றுகோல் ஆகாது. ஓரளவுக்கு மேல் பயன்படுத்தினால் நோயையே அது வளர்க்கும். படிவத்தில் உதவிக் கருவிகள் என்ற பகுதியில் காது கேட்கும் கருவியும், அறுவை மூலம் உள்காதில் பொருத்தும் காக்லியர் உள்வைப்பும் இருந்தன. காதடைப்பானை எழுத இடம் தேடி, கடைசியில் பக்க ஓரத்தில் எழுதினேன்.

நிறைவாக, மதிப்பீட்டுக் குழுவின் மருத்துவ அலுவலருடன் நேர்காணல். எழுத்து வழியாக உரையாட அவர் இணங்கினார், மரியாதையாகவும் நடத்தினார். அவர் எழுப்பிய மறுப்பு ஒன்றே ஒன்று, ஆனால் வலுவானது: தாங்கும் எல்லை என்பது விண்ணப்பதாரர் சொல்வதுதான், சோதனைக்கு முன் தரும் அறிவுரையைச் சிறிது மாற்றினாலே எண் மாறிவிடும், நாளுக்கு நாளும் மாறும், அதை நம்பி எப்படி விழுக்காடு போடுவது? உண்மைதான். கேளாதவர் போல் நடிப்பவரைக் கண்டறியச் செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்துலங்கலை அளக்கும் புறவயச் சோதனைகள் இருக்கின்றன. வலியைச் சரிபார்க்க அத்தகைய கருவி இல்லை. ஆனால் பொத்தானை அழுத்தும் ஆடியோமெட்ரியும் அடிப்படையில் ஒருவர் சொல்வதை நம்பும் சோதனைதான். ஒரே அளவை வெவ்வேறு நாட்களில் எடுத்து ஒப்பிடுவது, ஸ்டெஃபானி கல்ஃபா குழுவினர் 2002-இல் வெளியிட்ட 14 கேள்விகள் கொண்ட ஹைப்பராக்யூசிஸ் வினாத்தாளை உடன் சேர்ப்பது, சிகிச்சைப் பதிவேடுகளைப் பார்ப்பது என்று வழிகள் உண்டு. அவ்வினாத்தாளில் 42-க்கு 28-ஐத் தாண்டினால் கடுமையான மிகையுணர்வு என்று கொள்கிறார்கள். வலிப்பு நோயையும் நாள்பட்ட வலியையும் மருத்துவர்கள் இப்படி வரலாற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் எடைபோடுகிறார்கள். ஏறி இறங்கும் குறைபாடு என்பதனாலேயே அது குறைபாடு இல்லை என்றாகிவிடாது.

அவர் ஒரு யோசனையும் சொன்னார்: மனநலப் பிரிவில் விண்ணப்பித்துப் பாருங்கள் என்று. இதில் நான் அவருடன் உடன்படவில்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பலருக்கு உதவுகிறது என்பது உண்மை. 2014-இல் சுவீடனில் நடந்த ஒப்பாய்வு ஒன்றும் அதைக் காட்டியது. ஆனால் அச்சிகிச்சை நாள்பட்ட முதுகுவலிக்கும்தான் உதவுகிறது. அதற்காக முதுகுவலியை எவரும் மனநோய்ப் பட்டியலில் சேர்ப்பதில்லை. காலியாக இருக்கும் கட்டம் என்பதற்காக ஒருவர் தன் நோயை அதற்குள் திணிக்கக் கூடாது. மாறாக, மிகையுணர்வுக்கு அடிப்படையாக வேறொரு நிலை இருந்தால் அதன் வழியாகச் செல்வது முறையானதே. முக நரம்பு வாதம், வில்லியம்ஸ் நோய்க்குறி என்ற மரபணுக் கோளாறு, 1998-இல் லாய்ட் மைனர் விவரித்த உள்காது அரைவட்டக் குழாய்த் திறப்பு ஆகியவற்றில் ஒலி தாங்காமை ஏற்படுவது அறியப்பட்ட ஒன்று. 2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேடு, புலன் தூண்டல்களுக்கு மிகையாக எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் வரையறைக்குள்ளேயே சேர்த்தது. இப்படி ஒரு துணை இல்லாதவர்கள்தான் முழுவதுமாக வெளியே நிற்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் நிறைவேறி 2008-இல் நடைமுறைக்கு வந்தது. நீண்டகாலப் புலன் குறைபாடு, சூழலில் உள்ள தடைகளோடு சேர்ந்து, ஒருவர் மற்றவர்க்கு இணையாகச் சமூகத்தில் பங்குகொள்வதைத் தடுக்கும் நிலையை அதன் முதல் பிரிவு பேசுகிறது. புலன் குறைவாக வேலை செய்தால் மட்டும் என்று அங்கே எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வகுத்த, மனிதரின் செயல்பாட்டையும் குறைபாட்டையும் பட்டியலிடும் ஐ.சி.எஃப். வகைப்பாட்டில், சூழல் காரணிகளின் கீழ் ஒலிக்கென்றே தனித் தலைப்பு இருக்கிறது. அதே நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 நோய்ப் பட்டியலிலும் ஹைப்பராக்யூசிஸ் இடம்பெற்றிருக்கிறது. நோயாக ஏற்கப்பட்டு, சூழல் தடையாகவும் ஏற்கப்பட்ட ஒன்று, விழுக்காட்டு அட்டவணைக்கு வரும்போது மட்டும் காணாமல் போகிறது. முடிவுக் கடிதத்தில் எனக்குக் கிடைத்தது 0 விழுக்காடு.

ஆயினும் இந்தச் சேவை வீண் என்று நான் சொல்லமாட்டேன். கேட்பியல் வல்லுநர் தனியாக ஒரு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தார். எந்த ஒலி அளவில் அசௌகரியம் தொடங்குகிறது, அதன் பிறகு மீள எவ்வளவு நேரமாகிறது, எந்த வேலைகளைச் செய்ய இயலவில்லை என்பவை அதில் இருந்தன. என் அலுவலகத்தில் இடமாற்றம் கேட்டபோது உதவியது முடிவுக் கடிதம் அல்ல, இந்த ஒரு பக்கமே. அச்சுப்பொறிக்கு அருகிலிருந்த என் மேசையை மூலைக்கு மாற்றினார்கள். தீயெச்சரிக்கைப் பயிற்சி நடக்கும் நேரத்தை முன்கூட்டியே தெரிவிக்கிறார்கள். ஐ.நா. உடன்படிக்கை சொல்லும் நியாயமான இணக்க ஏற்பாடு என்பது பெரும்பாலும் இத்தகைய சிறு மாற்றங்கள்தாம். எல்லா இடங்களிலும் அதற்கு விழுக்காட்டைக் கேட்பார்கள் என்பதில்லை. ஆகவே சான்று கிடைக்கும் வரை காத்திராமல் தனியே கேட்டுப்பார்ப்பது நல்லது. உதவித்தொகை, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு மட்டும் விழுக்காடு இன்றி வழியில்லை.

இந்தச் சேவைக்குச் செல்பவர்கள், வலி வந்த நாட்களையும் அதற்குக் காரணமான ஒலியையும் அதனால் கைவிட்ட வேலையையும் முன்னரே குறித்துவைத்துக் கையோடு கொண்டுபோக வேண்டும். எந்தச் சோதனைக்கு ஒப்புகிறீர்கள், எதற்கு ஒப்பவில்லை என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். என் கடிதத்தில் காரணம் ஒரே வரியில் இருந்ததால் இரண்டாவது முறை விரிவாகக் கேட்க வேண்டியதாயிற்று. முக்கியமாக, உரப்பு அசௌகரிய நிலையைத் தனித் தாளில் வாங்காதீர்கள். ஆடியோமெட்ரி முடிவை வரைபடமாகக் காட்டும் ஆடியோகிராம் தாளிலேயே அதைக் குறிப்பதற்கு கேட்பியலாளர்களிடம் குறியீடு உண்டு. தொடக்க நிலைக் கோட்டின் கீழே அதே கட்டங்களில் இந்தக் கோட்டையும் வரைந்து தரச் சொல்லுங்கள். மறுமதிப்பீட்டுக்கு இப்போது நான் அனுப்பியிருப்பது அத்தகைய தாள்தான், குழுவினர் முதல் கோட்டைப் பார்க்க எடுத்தாலே இரண்டாவதும் அவர்கள் கண்ணில் பட்டாக வேண்டும்.